"90 செ.மீ." ஆக்டா சாஃப்ட்பாக்ஸ்: டேப் வைத்து அளந்துவிட்டு எடுங்கள்

ஆன்லைனில் வாங்கிய ஆக்டா சாஃப்ட்பாக்ஸில் (ஃபிளாஷ் ஒளியை மென்மையாக்கும் எட்டுமூலைத் துணிப்பெட்டி) ஏமாற்றப்பட்டதால் இந்தப் பதிவு. விளம்பரத்தில் 90 செ.மீ., இரட்டைத் திரை (முன்துணியும், அதற்குள்ளே இன்னொரு உள்திரையும்), போவன்ஸ் மவுன்ட் (விளக்கோடு பொருத்தும் வளையம்) என்றிருந்தது. வந்ததை விரித்து அளந்தால் குறுக்கே 78 செ.மீ. தான். உள்திரையே இல்லை. முன்துணி லேசான மஞ்சள். கடையில் கேட்டால், "கம்பியோட வளைவை ஒட்டி அளக்கணும் சார்" என்கிறார்கள். ஒளியைப் பரப்பும் ஃபோட்டோ குடைகளுக்கு அப்படி அளவு போடும் வழக்கம் உண்டு. ஆனால் முகத்தில் விழும் ஒளி மென்மையா, கடினமா என்பது குறுக்களவைப் பொறுத்தது.

உள்திரை இல்லாததுதான் பெரிய மோசடி. அது இல்லாவிட்டால் ஸ்பீட்லைட்டின் (கேமரா மேல் மாட்டும் சிறு ஃபிளாஷ்) வெளிச்சம் முன்துணியின் நடுவில் குவிந்து, ஓரமெல்லாம் மங்கிவிடும். பெட்டி எவ்வளவு பெரிதானாலும் உண்மையில் வேலை செய்வது அந்த நடுவட்டம் மட்டுமே. மூக்கின் நிழல் கத்தியால் கீறியது போல விழும். நெற்றி எண்ணெய் தடவியது போல மின்னும்.

வந்த அன்றே சோதியுங்கள். கேமராவில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200 நொடி, அப்பர்ச்சர் எஃப்/16; ஃபிளாஷ் பவர் 1/64. சாஃப்ட்பாக்ஸின் முகத்தையே நேராகப் படமெடுங்கள். முழுவதும் வெளுத்துப்போனால் ஃபிளாஷைக் குறையுங்கள். நடுவுக்கும் ஓரத்துக்கும் ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரு மடங்கு) வித்தியாசம் பரவாயில்லை; இரண்டைத் தாண்டினால் திருப்பி அனுப்புங்கள். நிறத்துக்கு, கேமராவின் நிறச் சமனை (ஒயிட் பேலன்ஸ்) 5500 கெல்வினில் நிறுத்தி, கிரே கார்டை (சாம்பல் நிற அட்டை) வெறும் ஃபிளாஷிலும் சாஃப்ட்பாக்ஸிலும் எடுத்து ஒப்பிடுங்கள். ஒற்றை விளக்கென்றால் மஞ்சளைத் திருத்திக்கொள்ளலாம். வேறு விளக்கும் சேர்ந்தால் முகத்தின் இரு பக்கமும் இரு நிறம்.

ஃபிளாஷ் தலையில் மாட்ட இலவசமாகத் தரும் பிளாஸ்டிக் மூடியை நம்பவே வேண்டாம். அது ஃபிளாஷ் தலையைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான். தாழ்ந்த வெள்ளைக் கூரையுள்ள அறையில் ஒளி கூரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்புவதால் மென்மை கிடைக்கும். கூரையும் சுவரும் இல்லாத வெளியிடத்தில் ஒன்றிரண்டு ஸ்டாப் வெளிச்சமும் பேட்டரியும் வீண்.

கையில் காசு குறைவென்றால் ஒரு மீட்டர் வெள்ளை ஃபோட்டோ குடை போதும். ஒளி நாலா பக்கமும் சிதறும், உண்மைதான். ஆனால் முகத்திலிருந்து ஒரு மீட்டரில் வைத்தால், உள்திரையில்லாத இந்தப் பெட்டியைவிட மென்மையாக விழும்.

பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். டேப் குறுக்கே கிடப்பதும் அதில் தெரியட்டும். விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் அவசியம், பிறகு அளவை மாற்றிவிடுகிறார்கள். கடை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.