ஜாம்சிம்: பம்ப்செட் லைனை மாடல் செய்ய இலவச மென்பொருள் போதுமா?

ஆலையின் ஓட்டத்தைக் கணினியிலேயே நடத்திப் பார்க்கும் சிமுலேஷன் மென்பொருள் என்றதும் சிறு, நடுத்தர ஆலைகள் பின்வாங்குவது லைசென்ஸ் விலையைப் பார்த்துத்தான். ஜாம்சிம்முக்கு அந்தத் தடை இல்லை. ஆஸென்கோ என்ற பொறியியல் நிறுவனத்தில் உருவானது, அப்பாச்சி 2.0 உரிமத்தில் மூல நிரலோடு கிடைக்கிறது. தொழில் உபயோகத்துக்கும் காசில்லை. மாணவர் பதிப்புகளில் வரும் 'இத்தனை பொருளுக்கு மேல் ஓடாது' என்ற கட்டும் கிடையாது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். முப்பரிமாணக் காட்சிக்கு ஓபன்ஜிஎல் என்ற வரைகலை வசதி தேவை என்பதால், ஆபீஸ் மூலையில் கிடக்கும் பழைய கணினியில் மட்டும் சண்டித்தனம் செய்யலாம்.

கோவைப் பக்கம் சாதாரணமாகக் காணும் மோனோபிளாக் பம்ப்செட் லைன் ஒன்றை எடுத்துக்கொண்டு இதை எடைபோடலாம்: ஸ்டேட்டர் (மோட்டாரின் சுழலாத பாகம்) வைண்டிங், வார்னிஷ், பேக்கிங் அடுப்பு, கேசிங் மெஷினிங், அசெம்ப்ளி, டெஸ்ட் பெஞ்ச். ஒரு ஷிஃப்டுக்கு 120 பம்ப் இலக்கு. எண்கள் உதாரணத்துக்காக வைத்தவை. உங்கள் ஆலையில் ஸ்டாப்வாட்ச் வைத்து எடுத்ததைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குறை. எந்த வேலை எதற்காக நடக்கிறது, எது அதைக் கட்டுப்படுத்துகிறது என்ற செயல்பாட்டுப் படத்தை ஜாம்சிம் போட்டுத் தராது. அதற்கு ஐடெஃப்-0 முறையில் ஒரு தாளில் வரைந்துவிடுவதே நல்லது. அமெரிக்க விமானப்படையின் உற்பத்தித் திட்டத்திலிருந்து வந்து, 1993-ல் அந்நாட்டு அரசுத் தரநிலையாகவும் ஆன முறை இது. பெட்டிக்கு இடப்பக்கம் உள்ளீடு, வலப்பக்கம் வெளியீடு, மேலே கட்டுப்பாடு, கீழே ஆளும் இயந்திரமும். ஒரு படத்தில் 3 முதல் 6 பெட்டி. 'பம்பைச் சோதி' என்ற பெட்டிக்கு இடமிருந்து அசெம்ப்ளி முடிந்த பம்ப் வரும். மேலிருந்து ஐஎஸ் 9079 தரநிலையும் வேலை ஆணையும். கீழிருந்து டெஸ்ட் பெஞ்சும் ஆபரேட்டரும். வலப்பக்கம் தேறிய பம்பும் ரிஜெக்ட்டும்.

இந்தத் தாள் கையில் இருந்தால் ஜாம்சிம்மில் மாற்றுவது சுலபம். உள்ளீடும் வெளியீடும் என்டிட்டியாக, அதாவது லைனில் நகரும் பொருளாக ஓடும். கீழ் அம்புகளில் இயந்திரம் சர்வராகும் (வேலை செய்யும் நிலையம்), ஆள் ரிசோர்ஸ்பூல் (பொதுவில் பகிரும் ஆள்கூட்டம்) ஆவார். மேலிருந்து வரும் அம்புகள்தான் பலர் விட்டுவிடுவது; அவை த்ரெஷோல்டாகவோ (திறந்து மூடும் கதவு மாதிரி), பாதை பிரியும் பிராஞ்சில் எழுதும் நிபந்தனையாகவோ மாற வேண்டும். மேல் அம்பு ஒன்றுக்கு மாடலில் இடமே இல்லையென்றால், அந்த மாடல் ஆர்டரே பார்க்காமல் ஓடும் ஆலையைக் காட்டுகிறது.

மாடல் கட்டும் முறை நேரானது. மாடல் பில்டரிலிருந்து என்டிட்டிஜெனரேட்டர் (பொருளை உள்ளே விடுவது), கியூ (வரிசை), சர்வர், என்டிட்டிசிங்க் (பொருளை வெளியேற்றுவது) ஆகியவற்றை இழுத்துப் போட்டு, அடுத்து எங்கே போக வேண்டும் என்பதை ஒவ்வொன்றிலும் குறிக்க வேண்டும். சர்வருக்குக் காத்திருப்பு கியூவைத் தனியாகக் கொடுத்தே ஆக வேண்டும், தானாக வராது. நேரம் கேட்கும் இடத்தில் வெறும் 6.5 என்று அடித்தால் ஏற்காது, நிமிடமா மணியா என்று அலகோடு எழுத வேண்டும். முதல் நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் எக்செல்லில் வினாடியையும் நிமிடத்தையும் கலந்து கூட்டிய ஷீட்டுகளைப் பார்த்தவர்கள் இந்தப் பிடிவாதத்தைப் பாராட்டுவார்கள்.

இதன் அருமை தெரிவது டெஸ்ட் பெஞ்சில். ஷிஃப்ட் 480 நிமிடம், சாப்பாடு, டீ போக 435. 120-ஆல் வகுத்தால் 3.625 நிமிடத்துக்கு ஒரு பம்ப் வரும். சோதனைக்கு 6.5 நிமிடம். அதை 3.625-ஆல் வகுத்தால் 1.79, எனவே 2 பெஞ்ச் போதும், 90 சதவீத உபயோகம் என்று ஷீட் சொல்லும். வருகை இடைவெளியும் சோதனை நேரமும் எக்ஸ்போனென்ஷியலாக (சராசரியிலிருந்து வெகுவாக ஏறி இறங்கி) மாறும் என்று வைத்தால், வரிசையில் சராசரியாக 7 பம்ப் காத்திருக்கும் என்கிறது கியூ சூத்திரம். இப்போது 5 சதவீதம் ரிஜெக்ட் ஆகித் திரும்பவும் சோதனைக்கே வருகிறது என்று சேருங்கள். உபயோகம் 94-க்கு ஏறுகிறது, அவ்வளவுதானே என்று தோன்றும். காத்திருக்கும் பம்ப் 15 ஆகிவிடும். நூற்றுக்கு ஐந்து ரீவொர்க், இரட்டிப்பு வரிசை.

ஜாம்சிம்மைச் சோதிக்கவும் இதே கணக்கு உதவும். ஒரே கியூவை இரண்டு சர்வருக்கும் பொதுவாகக் கொடுத்து, பிராஞ்சில் 0.95, 0.05 என்று டிஸ்க்ரீட் டிஸ்ட்ரிபியூஷன் (எந்தப் பாதைக்கு எத்தனை வாய்ப்பு என்ற பங்கீடு) வைத்து, நீண்ட காலம் ஓட்டினால் கியூவின் சராசரி நீளம் 15-ஐ ஒட்டி வர வேண்டும். வந்த பிறகே டிரையாங்குலர் (குறைந்தது, வழக்கமானது, அதிகமானது என்ற மூன்று எண்ணால் அமைவது) போன்ற நிஜத்துக்கு நெருங்கிய டிஸ்ட்ரிபியூஷனை மாற்றிப் போடுங்கள், வரிசை குறையும். நார்மல் போடுவதானால் குறைந்தபட்ச மதிப்பைப் பூஜ்யத்துக்கு மேல் வையுங்கள். இல்லையேல் என்றாவது ஒரு நாள் மைனஸ் நேரம் வந்து ஓட்டம் நின்றுவிடும்.

பெரிய பொறி கியூதான். ஜாம்சிம் கியூவுக்குக் கொள்ளளவே இல்லை; ஆயிரம் பம்ப் வந்தாலும் வாங்கிக்கொள்ளும். தரையில் 8 பம்புக்குத்தான் இடம் என்றால், கியூ நீளம் 8-க்குக் கீழே இருக்கும்போது மட்டும் திறந்திருக்கும் எக்ஸ்பிரஷன்த்ரெஷோல்டு ஒன்றை வைத்து, அதை முந்தைய அசெம்ப்ளி நிலையத்தின் ரிலீஸ் த்ரெஷோல்டு பட்டியலில் சேர்க்க வேண்டும். இதைச் செய்யாத மாடலில் அசெம்ப்ளி ஒருநாளும் அடைபடாது, எண்கள் அழகாக வரும், நம்பி முதலீடு செய்தவர் தலையில் துண்டு. அதற்காக எல்லாக் கியூவுக்கும் எல்லை வைத்தாலும் சிக்கல். ரீவொர்க் கியூவும் நிரம்பி, டெஸ்ட் கியூவும் நிரம்பினால், இரண்டு பெஞ்சும் ரிஜெக்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும், ரீவொர்க் நிலையம் பம்பைத் திருப்பித் தர முடியாமல் நிற்கும். கடிகாரம் ஓடும், உற்பத்தி நின்றுபோயிருக்கும். ரீவொர்க் கியூவை மட்டும் எல்லையில்லாமல் விட்டு, அதன் அதிகபட்ச நீளத்தைக் கவனிப்பதே வழி. ஆலையிலும் ரிஜெக்ட்டை எங்கேயாவது ஓரமாக இறக்கி வைக்கத்தானே செய்கிறார்கள்.

அசெம்ப்ளிக்கு அசெம்பிள், கம்பைன் என்று இரண்டு பொருள்கள் உண்டு. அசெம்பிள் உள்ளே வந்த பாகங்களை விழுங்கிவிட்டு, மாதிரி என்டிட்டியிலிருந்து புதிதாக ஒன்றை வெளியே விடும். ஸ்டேட்டரில் எழுதிவைத்த ஹெச்பி, பேட்ச் எண் எல்லாம் அங்கேயே காலி. 1 ஹெச்பி, 2 ஹெச்பி கலந்து ஓடும் லைனில் கம்பைன் போட்டால் முதல் கியூவின் என்டிட்டி விவரங்களோடு தொடரும். மேட்ச் மதிப்பாக ஹெச்பியைக் கொடுத்தால் ரோட்டரும் (சுழலும் பாகம்) ஸ்டேட்டரும் மாறிக் கோர்க்காது.

வார்னிஷ் அடுப்புக்கு பேக், சர்வர், அன்பேக் என்ற வரிசை. 60 ஸ்டேட்டர் சேர்ந்தால் ஒரு லோடு, 5 மணி நேரம் என்று வைத்தால், 52 சேர்ந்திருந்தாலும் மாடல் 60-க்காகக் காத்திருக்கும். சூப்பர்வைசர் அப்படிக் காத்திருக்க மாட்டார், ஏற்றிவிடுவார். இதை மாடலில் எழுதாவிட்டால் அசெம்ப்ளி காலையில் பட்டினி கிடப்பதாகக் காட்டும்.

ஷிஃப்டை டைம்சீரிஸில் (நேர அட்டவணை) 24 மணி நேரச் சுழற்சியாக எழுதி, அதைப் பார்த்து மூடித் திறக்கும் த்ரெஷோல்டை ஆள் வேலை செய்யும் நிலையங்களுக்கு மட்டும் கொடுங்கள். ஆபரேட்டிங் பட்டியலில் போட்டால் கையில் இருக்கும் பம்பை முடித்துவிட்டு நிற்கும். இம்மீடியட்டில் போட்டால் பாதியிலேயே நிற்கும். அடுப்புக்கு இரண்டும் வேண்டாம், ராத்திரியும் வெந்துகொண்டிருக்கட்டும். பிரேக்டவுனுக்கு டவுன்டைம்என்டிட்டி இருக்கிறது. அதில் ஓடும் நேரத்தைக் கணக்கெடுக்க வேண்டிய இயந்திரத்தைக் குறிக்காவிட்டால் காலண்டர் நேரத்துக்கே பழுது வரும், சும்மா நிற்கும் லேத்தும் உடையும்.

அனிமேஷன் சுமார் ரகம். வாடிக்கையாளருக்கு மினுமினுப்பாகக் காட்ட வேண்டுமென்றால் விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்களே மேல். ஆனால் மாடல் முழுவதும் சாதாரண எழுத்துக் கோப்பாகச் சேமிக்கப்படுவது அவற்றில் எளிதில் கிடைக்காத வசதி. நோட்பேடில் திறந்து 6.5-ஐ 6 ஆக்கலாம், போன வாரக் கோப்போடு வரிக்கு வரி ஒப்பிடலாம்.

காலி லைனில் தொடங்குவதால் முதல் நாட்களின் எண்கள் பொய் சொல்லும். அடுப்பு இருக்கும் இந்த லைனுக்கு வார்ம்-அப் நேரமாக (கணக்கில் சேர்க்காத தொடக்க ஓட்டம்) ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். பிறகு ஒரே ஓட்டத்தை நம்பாமல் 10, 20 ரெப்ளிகேஷன் (வேறு ரேண்டம் எண்களோடு மறு ஓட்டம்) ஓட்டி, ரன் அவுட்புட் பட்டியலில் ஷிஃப்ட் உற்பத்தி, டெஸ்ட் கியூ நீளம், பெஞ்ச் உபயோகம் ஆகிய மூன்றை மட்டும் கேளுங்கள். மூன்றாவது பெஞ்ச் வாங்கும் முடிவுக்கு இந்த மூன்று எண்கள் போதும். எந்த லைசென்ஸும் வாங்காமலே அவை கிடைக்கின்றன.