த்ராட்டில் சென்சார்: கழுவுவதா, கப்ளர் மாற்றுவதா, புதுசு போடுவதா? ராமநாதபுரம் கடலோர லோடு வண்டிகளுக்கு ஓர் அலசல்

பாம்பன், மண்டபம், தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி பக்கம் மீனும் ஐஸும் ஏற்றி ஓடும் பழைய லோடு வண்டிகளில் "ரெய்ஸ் கொடுத்தா ஏறல, ஐடில்ல ஏறி இறங்குது, மெதுவா போனா குலுக்குது" என்று புகார் வந்தால், முதல் சந்தேகம் த்ராட்டில் சென்சார் (ரெய்ஸ் எவ்வளவு கொடுத்திருக்கிறோம் என்று எஞ்சின் கம்ப்யூட்டருக்கு வோல்ட்டாகச் சொல்வது) மீதுதான் விழும். புதுசு வாங்கிப் போடுவார்கள். சில நாள் நன்றாக ஓடும். பிறகு அதே குலுக்கல். இந்தக் கரையில் பல நேரம் கெட்டிருப்பது சென்சாரே இல்லை. அதன் கப்ளரும் (வயரைச் சென்சாரோடு இணைக்கும் பிளக்) எர்த்தும்தான். புதுசு போடுவதற்காகக் கப்ளரைக் கழற்றி மாட்டியபோது பின்கள் உரசிக் கொஞ்சம் சுத்தமாகியிருக்கும். அந்தச் சுத்தம் தீர்ந்ததும் கோளாறு திரும்பிவிடுகிறது. அதனால் எந்தப் பொருளை வாங்குவது என்ற ஒப்பீட்டுக்கு முன்னால், எந்தச் சோதனையை நம்புவது என்ற ஒப்பீடு வேண்டும்.

முதலில் உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று பாருங்கள். ஆம்னி கார்கோ போன்ற கேபிள் வைத்த பெட்ரோல் எம்.பி.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் பெட்ரோல் தெளிப்பைக் கட்டுப்படுத்தும்) வண்டிகளில் த்ராட்டில் பாடியின் (எஞ்சினுக்குக் காற்று போகும் வாய்) பக்கவாட்டில் இரண்டு சிறிய திருகுகளோடு மூன்று வயர் சென்சார் இருக்கும். காமன் ரயில் (கம்ப்யூட்டர் டீசல் தெளிப்பைக் கட்டுப்படுத்தும்) டீசல் வண்டிகளில் அந்த வேலையைச் செய்வது ஆக்சிலேட்டர் பெடலில் உள்ள ஆறு வயர் சென்சார். பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசலில் ரெய்ஸ் ஏறவில்லை என்றால் டீசல் ஃபில்டர், ஃபீட் பம்ப், கேபிள் என்று வேறு வழியில் தேட வேண்டும்.

உப்பு என்ன செய்கிறது

சமையல் உப்பு, காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே ஈரத்தை இழுத்துக் கரையும். கடல் நீர் காய்ந்த உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே நனைந்துவிடும். நம் கரையில் காற்று அவ்வளவு வறண்டு போகும் நேரம் அரிது. அதாவது, கப்ளருக்குள் ஒருமுறை கடல் நீர் போய்விட்டால் அது முழுதாகக் காய்வதே இல்லை. விடிகாலையில் கோளாறு காட்டி, வெயில் ஏறியதும் வண்டி ஒழுங்காக ஓடினால், சந்தேகத்தைக் கப்ளர் பக்கம் திருப்புங்கள்.

இரண்டு விதமாகக் கெடும். 5 வோல்ட் பின்னுக்கும் சிக்னல் பின்னுக்கும் நடுவே உப்பு ஈரம் பாலம் போட்டால் சிக்னல் மேலே போகும், ஸ்கேனர் காட்டும் கோளாறு எண் (கோடு) பி0123. பின் பச்சை பிடித்து 5 வோல்ட் அல்லது சிக்னல் தொடர்பு விட்டால் சிக்னல் கீழே விழும், கோடு பி0122. எர்த் பின் அரிப்பு இன்னும் நுணுக்கமானது. 5 கிலோஓம் டிராக் (உள்ளே முனை உரசி நகரும் தடைப் பட்டை) கொண்ட சென்சாரில் ஓடுவது சுமார் 1 மில்லிஆம்பியர்தான். எர்த் பின்னில் 200 ஓம் தடை சேர்ந்தாலே, 0.5 வோல்ட் இருக்க வேண்டிய ஐடில் சிக்னல் 0.67 ஆகிவிடும். கோடு எதுவும் விழாது. ஆனால் பெடலில் கால் இருப்பதாக ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) எண்ணிக்கொள்ளும், ஐடில் ஊசலாடும். முழு ரெய்ஸில் இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிடுவதால், "ஹைவேயில் நல்லா போகுது, சந்துக்குள்ளதான் தொல்லை" என்று டிரைவர் சொல்வார். அவர் சொல்வது சரிதான்.

சோதனை: மாற்றிப் பார்ப்பதா, ஸ்கேனரா, மல்டிமீட்டரா

வேறு வண்டிச் சென்சாரை மாட்டிப் பார்ப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மேலே சொன்ன காரணமே போதும்: கழற்றி மாட்டும் செயலே கோளாறை மறைத்துவிடும்.

ப்ளூடூத் ஓ.பி.டி. கருவி (வண்டியின் சோதனை சாக்கெட்டில் செருகிப் போனில் படிப்பது) மலிவு. ஓ.பி.டி. வசதி உள்ள பெட்ரோல் வண்டிகளில் த்ராட்டில் சதவீதத்தை ஓட்டத்திலேயே காட்டும், கோடும் படிக்கும். பழைய டீசல் லோடு வண்டிகள் சில, அந்தக் கம்பெனியின் ஸ்கேனருக்கு மட்டுமே பதில் சொல்லும். எந்தக் கருவியானாலும் ஈசியூவுக்கு என்ன வந்து சேர்ந்தது என்பதைத்தான் காட்டும். எந்த இடத்தில் கெட்டது என்று காட்டாது. பி0122 விழுந்ததும் சென்சார் வாங்கக் கிளம்பக்கூடாது.

மல்டிமீட்டர்தான் தீர்ப்பு சொல்லும். சாவி ஆன், எஞ்சின் ஆஃப். கப்ளரைக் கழற்றுவதற்கு முன்பே, பின்பக்க ரப்பர் வழியாக மெல்லிய குண்டூசியை வயரோடு ஒட்டி நுழைத்து அளக்க வேண்டும். வயர் தோலைக் குத்தி அளக்காதீர்கள். அந்த ஓட்டை வழியாக உப்பு உள்ளே போய் ஒரு மழைக்காலத்தில் செம்பைக் கருக்கிவிடும். மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில் இருக்கட்டும்.

5 வோல்ட் வயரில் 4.8 முதல் 5.2 வரை வர வேண்டும். குறைவாக இருந்தால் அதே 5 வோல்ட்டைப் பகிரும் மற்ற சென்சார்களின் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் வோல்ட் ஏறுகிறதோ அங்கேதான் ஷார்ட். எர்த் வயரில் 0.1 வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. சிக்னல் வயரில், பெடல் விட்ட நிலையில் பொதுவாக 0.4 முதல் 0.9 வரை, முழுதாக மிதித்தால் 4 வோல்ட்டை ஒட்டி அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். நடுவில் எங்கும் தொப்பென்று விழக்கூடாது. டிராக் தேய்வது பெரும்பாலும் ஐடிலை ஒட்டிய முதல் கால்வாசியில். அங்கே மிக மெதுவாக அசைத்துப் பாருங்கள். இதற்கு மட்டும் முள் மீட்டர் டிஜிட்டலைவிட நல்லது. கண நேரத் துண்டிப்பை முள் துடித்துக் காட்டும், மலிவு டிஜிட்டல் அதைத் தவறவிடும்.

எர்த் வயரில் 0.1-க்குக் கீழ் சரியாக இருந்தும் ஐடில் சிக்னல் கூடுதலாக நின்றால் இரண்டு வாய்ப்பு. ஒன்று, தடை வயரில் இல்லை, கப்ளரின் ஆண் பின்னும் பெண் பின்னும் சேரும் இடத்தில் இருக்கிறது. பின்பக்கக் குண்டூசிக்கு அது தெரியாது. இன்னொன்று, துருப்பிடித்த ஆக்சிலேட்டர் கேபிள் பட்டர்ஃப்ளையை (காற்று வழியை மூடித் திறக்கும் தகடு) முழுதாக மூட விடவில்லை. கேபிளை லீவரிலிருந்து கழற்றி, கையால் மூடி, மறுபடி அளந்தால் எது என்று தெரிந்துவிடும்.

பெடல் சென்சாரில் இரண்டு சிக்னல். பல வண்டிகளில் ஒன்று மற்றதைப்போல் இருமடங்கு இருக்கும்: 0.75 வந்தால் மற்றதில் 0.37 போல. பெடலைக் கால், அரை, முக்கால் மிதித்து இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். விகிதம் எங்கே முறிகிறதோ அங்கே பி2138 விழுந்து வண்டி லிம்ப் மோடுக்கு (மெதுவாக மட்டும் ஓடவிடும் நிலை) போகும்.

தீர்வு: மூன்றில் எது

கழுவுதல் முதலில். செலவு மிகக் குறைவு, ஆனால் முறை தவறாகச் செய்யப்படுவது இதில்தான். கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே எண்ணெயையும் அழுக்கையும் கரைக்கும், உப்பைக் கரைக்காது. உப்புக்குத் தண்ணீர்தான் வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் (ஆசிட் அல்ல) கப்ளரின் இரு பக்கத்தையும் இரண்டு மூன்று முறை அலசுங்கள். பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹால், நன்றாகக் காய்ந்ததும் கான்டாக்ட் கிளீனர். உப்புத்தாளால் பின்னைத் தேய்க்கக்கூடாது; மேல் பூச்சு போய்விட்டால் அரிப்பு இன்னும் வேகமாகும். கடைசியாக ரப்பர் சீலில் மெல்லிய சிலிக்கோன் கிரீஸ். வீல் பேரிங் கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். பச்சை லேசாக இருந்து, டிராக் அளவும் ஒழுங்காக இருந்தால் இதுவே போதும்.

பின் கறுத்துப் பள்ளம் விழுந்திருந்தால், அல்லது பெண் பின் தளர்ந்திருந்தால், கழுவிப் பயனில்லை. வயரோடு வரும் புதிய கப்ளர் வாங்கிப் போடுவதுதான் வழி. இந்தக் கடலோரத்தில் அதிகம் ஒதுக்கப்படுவதும், எங்கள் கணிப்பில் அதிகம் தேவைப்படுவதும் இதுதான். பழைய வயரைச் செம்பு பளபளவென்று தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது. மூன்று வயரையும் ஒரே இடத்தில் வெட்டாமல் 3 சென்டிமீட்டர் தள்ளித்தள்ளி வெட்டினால் இணைப்புகள் ஒன்றோடொன்று உரசாது. உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் இங்கே தாங்காது. வயர் கப்ளருக்குக் கீழே தொங்கி மேலேறும்படி கட்டினால், வழியும் நீர் கப்ளருக்குள் போகாமல் கீழேயே சொட்டிவிடும். மீன் வண்டிக்கு இது முக்கியம். பெட்டியிலிருந்து வழியும் ஐஸ் தண்ணீர், பிரேக் போடும்போது முன்னால் ஓடிவந்து, எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கும் வண்டிகளில் நேரே வயரிங் மேல் இறங்கும்.

சென்சாரே கெட்டது என்று மீட்டர் சொன்ன பிறகுதான் டூப்ளிகேட், பழசு, ஒரிஜினல் என்ற பேச்சு. மூன்று வயர் சென்சாரில் பழசு வேண்டாம். உங்களுடையது எங்கே தேய்ந்ததோ அதே இடத்தில்தான் அதுவும் தேய்ந்திருக்கும். டூப்ளிகேட் அவசரத்துக்கு ஆகும். ஆனால் வாங்கும் இடத்திலேயே ரப்பர் சீலை அழுத்திப் பாருங்கள், ஷாஃப்டைத் திருப்பி ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். சீல் கெட்டியாக இருந்தால் வாடைக்காற்று மாதங்களைத் தாண்டாது. விலை வித்தியாசத்தைப் பொறுத்துக்கொண்டு, உடம்பில் அச்சடித்த பார்ட் நம்பரை ஒப்பிட்டு ஒரிஜினல் போடுவதே இந்த வகையில் சரி.

பெடல் சென்சாரில் கணக்கு மாறும். அது முழு பெடலாகவே விற்கப்படுவதால் விலை அதிகம். டிராக் உரசாத காந்த வகை என்றால் தேய்மானம் இல்லை, அதனால் அதே பார்ட் நம்பரில் பழசு வாங்குவது புத்திசாலித்தனம். ஆனால் 5 வோல்ட், எர்த் பின்களைத் தலைகீழாகக் கொடுத்தால் காந்த வகை எரிந்துபோகலாம். பின் வரிசை உறுதியாகத் தெரிந்தால் மட்டும், பவர் பேங்கின் 5 வோல்ட்டில் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். கேபினை ஹோஸ் வைத்துக் கழுவும் பழக்கத்தையும் அன்றோடு விட்டுவிடச் சொல்லுங்கள்.

மாட்டும்போது

அலுமினியத்தில் இரும்புத் திருகு. உப்புக் காற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும். துரு நீக்கி எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் ஊறட்டும். தலைக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியை வைத்து, மேலே சுத்தியலால் லேசாகத் தட்டியபின் திருப்புங்கள். பல சென்சார்களைக் கொஞ்சம் சாய்த்து வைத்து, ஸ்பிரிங்கை எதிர்த்துத் திருப்பித்தான் துளைக்கு நேராக்க வேண்டும். தவறான பக்கம் அழுத்தினால் உள் நாக்கு முறியும். துளை நீள்வட்டமாக இருந்தால், ஐடில் வோல்ட் வண்டிக்குச் சொன்ன அளவுக்கு வரும்வரை நகர்த்தி இறுக்குங்கள். பதிந்த கோளாறுக் கோடுகளை ஸ்கேனரில் அழித்துவிட்டு, பெடலைத் தொடாமல் சாவியை ஆன் செய்து அரை நிமிடம் விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நிற்கும் வண்டிக்கு, நிறுத்துவதற்கு முன்பே கப்ளரைக் கழுவிக் கிரீஸ் போட்டுவிட வேண்டும். ஜூனில் வண்டியை எடுத்த பிறகு பார்த்தால் பச்சை வேரூன்றியிருக்கும். எந்தத் தீர்வைத் தேர்ந்தாலும், ஐடில் சிக்னலை மதியம் ஒருமுறையும் மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன் ஒருமுறையும் அளந்து எழுதுங்கள். இரண்டுக்கும் இடையே 0.05 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது. கப்ளரைத் திரும்பத் திறக்க வேண்டும்.