வார்டு கமிட்டி, மார்ச் ஊர்வலம், கோர்ட், பட்ஜெட் கடிதம்: ஒரு தெருவுக்கு எது உதவும்?

2022 ஏப்ரல் வெள்ளத்தை தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நடால் மாகாணத்தில் யாரும் மறக்கவில்லை. ஓரிரு நாள் மழையில் 400-க்கும் மேற்பட்ட உயிர் போனது. டொங்காட் பக்கம் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் அடிபட்டு, ஜனங்கள் மாதக்கணக்கில் டேங்கர் லாரிக்கு வாளியோடு காத்து நின்றார்கள். எங்கள் தெருவில் உயிர்ச்சேதம் இல்லை. மேட்டுத் தெருவிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டு, முனை வீட்டு மதில் சரிந்தது. அன்றிலிருந்து வானம் கறுத்தாலே அந்த வீட்டு ஆயா கதவிடுக்கில் பழைய துண்டுகளைச் செருகி வைக்கிறார்.

அந்தக் குழாய் பழசு, சின்னது. மாற்றியே ஆக வேண்டும். யாரிடம், எப்படிக் கேட்பது? தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் அதற்கு வழிகள் நிறைய. ஊர் மக்களை உள்ளாட்சி விஷயங்களில் ஈடுபடுத்துவதை உள்ளாட்சியின் நோக்கங்களில் ஒன்றாகவே 1996 அரசியல் சட்டத்தின் 152-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் வேலைக்குப் போய்வரும் மனிதர்களிடம் மிச்சமிருப்பது வாரத்தில் ஒன்றிரண்டு சாயங்காலம்தான். அதை எங்கே செலவிடுவது என்பதுதான் எங்கள் தெருவில் மூன்று வருஷமாக நடந்த விவாதம். நாங்களே முயன்ற வழிகளையும், அடுத்தவர் அனுபவத்தில் பார்த்தவற்றையும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வருஷத்தில் ஒரே ஒரு மாதம்தான் உழைக்க முடியும் என்றால், அது ஏப்ரலாக இருக்கட்டும். அந்த உழைப்பு பட்ஜெட் வரைவுக்கு எழுதும் கடிதமாக இருக்கட்டும்.

தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை. ஓட்டுப் போடுங்கள், அதில் வாதமே இல்லை. 2021 உள்ளாட்சித் தேர்தலில் பதிவு செய்த வாக்காளர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை என்பது எனக்கு வருத்தம்தான். ஆனால் ஓட்டு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. மழை வருஷா வருஷம் வருகிறது.

வார்டு கமிட்டி

முதலில் நாங்கள் போனது இங்கேதான். எல்லோருக்கும் முதலில் தோன்றுவதும் இதுதான். 1998-ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்புச் சட்டப்படி, வார்டு கவுன்சிலர் தலைவர். அவரோடு அதிகபட்சம் பத்துப் பேர். பெண்களுக்கு உரிய பங்கு வேண்டும், வார்டில் இருக்கும் பலதரப்பு ஆட்களும் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சம்பளம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரே உறுப்பினராக இருப்பதால் போய்ப் பேசுவது சுலபம். எரியாத தெருவிளக்கு, எடுக்காத குப்பை மாதிரி விஷயங்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

குழாய் மாதிரி விஷயத்துக்கு? கமிட்டி செய்யக்கூடியது பரிந்துரை. வார்டு சம்பந்தப்பட்ட எதைப் பற்றியும் கவுன்சிலரிடமோ, கவுன்சிலர் வழியாக நகராட்சி மன்றத்திடமோ பரிந்துரைக்கலாம். மன்றம் தானாகக் கொடுத்தால் ஒழிய, வேறு அதிகாரம் கிடையாது. எங்கள் பரிந்துரை நடவடிக்கைக் குறிப்பில் அழகாக ஏறியது. அடுத்த கூட்டத்திலும் ஏறியது. கமிட்டியில் இருந்தவர்கள் நல்ல மனுஷர்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கையில் பணம் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் 'ஆலோசனைக் குழு' என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. நிறவெறிக் காலத்தில் நடாலில் இந்தியர் பகுதிகளுக்கு உள்ளூர் விவகாரக் குழுக்கள் என்று வைத்தார்கள். பேசலாம், முடிவெடுக்க முடியாது. 1984-இல் இந்தியருக்கென்று நாடாளுமன்றத்தில் ஓர் அவையே கொடுத்தார்கள்; அந்தத் தேர்தலை ஜனங்கள் புறக்கணித்தார்கள், பதிவு செய்தவர்களில் ஐந்தில் ஒரு பங்குதான் ஓட்டுப் போட்டது. கறுப்பின மக்களை வெளியே நிறுத்திவிட்டு நமக்கு மட்டும் போட்ட நாற்காலியில் உட்கார மாட்டோம் என்று சொன்ன தலைமுறை அது. இன்றைய வார்டு கமிட்டியை அதோடு ஒன்றாக வைப்பது தவறு. இது எல்லாருக்குமான மன்றத்தின் கீழே இருப்பது, அந்த மன்றத்தை நாமே தேர்ந்தெடுக்கிறோம். ஆனாலும் 'சொல்லலாம், செய்ய முடியாது' என்ற இடத்தில் பழைய வலி எட்டிப் பார்ப்பது எனக்குப் புரிகிறது.

மனுவும் மார்ச் ஊர்வலமும்

இரண்டிலும் தென்னாப்பிரிக்கத் தமிழருக்கு நூறு வருஷத்துக்கு மேலான பழக்கம் உண்டு. 1894-இல், அப்போது பிரிட்டிஷ் காலனியாக இருந்த நடாலின் அரசு இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்க மசோதா கொண்டுவந்தபோது, சுமார் 10,000 கையெழுத்தோடு லண்டனுக்கு மனு போனது. லண்டன் அந்த மசோதாவை ஏற்கவில்லை. வெற்றிதான். ஆனால் 1896-இல் நடால் அரசு வார்த்தையை மாற்றி, இந்தியர் என்ற சொல்லே இல்லாமல் வேறு சட்டம் போட்டு அதே காரியத்தைச் சாதித்துக்கொண்டது. 1913-இல், ஒப்பந்தக் கூலிக்காலம் முடித்த இந்தியர் மேல் போட்ட மூன்று பவுன் வரியை எதிர்த்து நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். தமிழ்ப் பெண்கள் அங்கே போய்ப் பேசியதில் தொடங்கிய வேலைநிறுத்தம் அது. 2,000-க்கும் மேற்பட்டவர்கள் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தார்கள். சிறையில் நோய்ப்பட்டு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தார். அந்த வருஷமே வரி ரத்தானது.

இந்தக் கதை தெரிந்த வீட்டில் 'நடந்தால்தான் நடக்கும்' என்று சொல்வது இயல்பு. எங்கள் தெருவிலும் சொன்னார்கள். ஆனால் அன்று நடந்தவர்களுக்கு நாடாளுமன்ற ஓட்டு இல்லை. அவர்கள் கருத்தை அரசு கேட்டே ஆக வேண்டும் என்ற சட்டமும் இல்லை. வேறு கதவே இல்லாதவர்கள் தட்டிய கதவு அது. நமக்கு வேறு கதவு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1993-ஆம் ஆண்டின் கூட்டங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பொது இடத்தில் 15 பேருக்கு மேல் கூடினால் ஏழு நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். 2013-இல் கேப்டவுனில் கயலிட்ஷா மக்களின் கழிப்பறை வசதிக்காகப் போராடிய சமூக நீதிக் கூட்டணிக்காரர்கள் நகராட்சிக் கட்டட வாசலில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். 15 பேருக்கு மேல் போகக்கூடாது என்று எண்ணித்தான் வந்தார்கள். பிறகு ஆள் சேர்ந்துவிட்டது. 10 பேருக்குத் தண்டனைத் தீர்ப்பு வந்தது. வழக்கு அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போய், அறிவிப்புக் கொடுக்காததையே கிரிமினல் குற்றமாக்கும் பிரிவு செல்லாது என்று 2018-இல் தீர்ப்பானது. ஆனாலும் அறிவிப்புக் கொடுத்துவிடுவதுதான் நல்லது.

நாங்களும் ஒரு வருஷம் மார்ச் போனோம். ஆடிக் கஞ்சிக்குக் கோயிலில் கூடிய கூட்டமே பாதி. மூன்றாம் வாரம் ஆட்கள் வந்து குழாயைச் சுத்தம் செய்தார்கள். மறுக்க மாட்டேன், அந்த வருஷ மழைக்கு அது போதுமாக இருந்தது. அவசரத்துக்கு மார்ச் பலிக்கும்: தண்ணீர் நின்றுபோனால், கம்பி அறுந்து தொங்கினால், பிள்ளைகள் ரோடு கடக்கும் இடத்தில் வண்டி மோதினால். புதுக் குழாய் அந்த ரகம் இல்லை. அதற்கு வடிவமைப்பு வேண்டும், டெண்டர் வேண்டும், இரண்டு மூன்று வருஷப் பணம் வேண்டும். வாசலில் மனுவை வாங்கிக்கொண்டு கைகொடுக்கும் அதிகாரி மனசு வைத்தாலும், பட்ஜெட் அட்டவணையில் ஒரு வரியாக ஏறாத வேலைக்கு ஒரு ராண்ட் எடுக்க முடியாது.

கோர்ட்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஒரு தெரு தனியாக எடுக்கக்கூடிய வழி இல்லை. ஆனால் அதன் பலம் தெரிந்திருக்க வேண்டும். 2006-இல் மட்டாடியேலே வழக்கு. குவாசூலு-நடாலில் இருந்த அந்த ஊரை ஈஸ்டர்ன் கேப் மாகாணத்துக்கு மாற்றினார்கள். அதற்கு முன் இங்குள்ள மாகாணச் சட்டமன்றம் மக்களைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. எல்லை மாற்றம் செல்லாது என்றது அரசியல் சட்ட நீதிமன்றம். அப்புறம்? முறைப்படி விசாரணைக் கூட்டங்கள் நடத்தி, மறுபடி திருத்தம் கொண்டுவந்து, அதே எல்லையை வரைந்தார்கள். மட்டாடியேலே இன்றும் ஈஸ்டர்ன் கேப்பில்தான் இருக்கிறது. 2023-இலும் இதே குறைக்காகப் பாரம்பரியத் தலைவர்கள் சட்டம் செல்லாது என்று தீர்ப்பானது. மக்களைக் கேட்காமல் போட்ட சட்டத்தைக் கோர்ட் நிறுத்தும். கேட்ட பிறகு நாம் சொன்னபடிதான் செய்ய வேண்டும் என்று சொல்லாது.

பட்ஜெட் கடிதம்

இங்கேதான் நான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டப்படி, அதற்குக் குறைந்தது 90 நாள் முன்னால், அதாவது மார்ச் கடைசிக்குள், வரைவு பட்ஜெட்டை மன்றத்தில் வைக்க வேண்டும். உடனே பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும். வந்த கருத்துகளை மன்றம் பரிசீலிக்க வேண்டும். அவற்றுக்குப் பதில் சொல்லவும், தேவையானால் பட்ஜெட்டைத் திருத்தவும் மேயருக்கு வாய்ப்புத் தர வேண்டும். மே கடைசிக்குள் ஒப்புதலுக்கு எடுக்க வேண்டும். பணம் எங்கே போகிறது என்று எழுதிவிட்டார்கள், ஆனால் இன்னும் பூட்டவில்லை என்ற நிலை வருஷத்தில் இந்தச் சில வாரம்தான்.

போன வருஷம் நூலகத்தில் அந்த வரைவைத் திறந்தோம். பெரிய கட்டு. முன்பக்கம் முழுக்க வளர்ச்சி, தொலைநோக்கு என்று பொதுப்பேச்சு. அதைப் படித்துக் களைத்துத்தான் பலர் மூடிவிடுகிறார்கள். நேராகக் கடைசிக்குப் போக வேண்டும். எஸ்.ஏ.36 என்று ஓர் அட்டவணை இருக்கும். மூலதனச் செலவு ஒவ்வொன்றும் ஒரு வரி: என்ன வேலை, எந்த வார்டு, மூன்று வருஷத்துக்கு எவ்வளவு. எழுத்து எறும்பு மாதிரி. ஆயா தன் பேரனின் பள்ளிக்கூட ஸ்கேலைக் கொண்டு வந்திருந்தார். வரிக்கு வரி ஸ்கேலை நகர்த்தி, வார்டு எண்களை விரலால் தொட்டுக்கொண்டே போனார். மழைத்தண்ணீர் வேலை என்று எட்டு வரி. எங்கள் வார்டு எண் ஒன்றிலும் இல்லை. "அப்போ நம்ம பேரே இதுல இல்லையா?" என்று கேட்டார். மூன்று வருஷமாகக் கேட்டதில் எனக்கு உறைத்த கேள்வி அதுதான்.

அன்று சாயங்காலம் கடிதம் எழுத உட்கார்ந்தோம். எல்லாரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவதை நான் வேண்டாம் என்றேன். வீட்டுக்கு ஒரு கடிதம், அவரவர் கதை. வார்டு எண், தெரு, பட்ஜெட்டின் பக்க எண், எந்த அட்டவணையில் என்ன விடுபட்டிருக்கிறது, எந்த வருஷத்தில் எவ்வளவு ஒதுக்க வேண்டும், கூடவே மதில் சரிந்த படம். ஆயா தமிழில் சொல்லச் சொல்ல பேரன் ஆங்கிலத்தில் எழுதினான். தமிழ் இங்கே ஆட்சிமொழி இல்லை. தமிழ் உட்பட இங்கு புழங்கும் சமூக மொழிகளுக்கு மதிப்புத் தர வேண்டும் என்று மட்டும் அரசியல் சட்டத்தின் 6-ஆவது பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பேரன் இல்லாத வீடுகளுக்கு ஒன்று சொல்கிறேன், இது பலருக்குத் தெரியாது. எழுத முடியாதவர் அலுவலக நேரத்தில் நேரில் போனால், அவர் சொல்வதை ஊழியர் எழுதித்தர வேண்டும். 2000-ஆம் ஆண்டின் நகராட்சி முறைமைச் சட்டம், 21-ஆவது பிரிவு. பிரிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

மொத்தம் 41 கடிதம். கொண்டுபோய்க் கொடுத்து, ஒவ்வொன்றின் நகலிலும் தேதி முத்திரை வாங்கினோம்.

தலைவர்கள் கூடாரம் போட்டு, சாப்பாடு போட்டு ஜனங்களைச் சந்திக்கும் இம்பிசோ கூட்டங்களுக்குப் போவதா என்று கேட்பீர்கள். போங்கள். மைக் கையில் வந்தால் கடிதத்தில் உள்ளதையே சொல்லுங்கள். மைக்கில் சொன்னது காற்றோடு போனாலும் தாள் நிற்கும்.

இந்த வழி எப்போதும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். மேலே சொன்ன அதே கயலிட்ஷாவில் 2015-இல் 500-க்கும் மேற்பட்டோர் கேப்டவுன் பட்ஜெட்டுக்குக் கருத்து எழுதினார்கள். கேட்ட மாற்றம் உடனே வந்துவிடவில்லை. ஆனால் சங்கிலியோடு நின்ற அமைப்பே இரண்டு வருஷத்தில் பட்ஜெட் புத்தகத்தைக் கையில் எடுத்தது எனக்குப் பெரிய விஷயம். அவர்கள் தெருவை விட்டுவிடவும் இல்லை. மார்ச்சா கடிதமா என்று சண்டை போடுகிறவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்: எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பவர்களின் கோரிக்கையைத் தட்டிக்கழிப்பது கஷ்டம். வார்டு கமிட்டிக்கும் இதே கதைதான். எங்கள் கமிட்டி உறுப்பினரிடம் 41 நகல்களையும் கொடுத்தபோது அவர் முகத்தில் வந்த தெம்பை, வெறும் பரிந்துரை எழுதிய நாளில் நான் பார்த்ததில்லை.

ஜூனில் இறுதிப் பட்ஜெட்டைப் பார்த்தோம். எங்கள் வார்டு எண்ணோடு ஒரு வரி இருந்தது. முதல் வருஷப் பத்தி காலி. இரண்டாம் வருஷத்தில் வடிவமைப்புக்கு ஒரு சின்னத் தொகை, மூன்றாம் வருஷத்தில் வேலைக்கு. இரண்டாம் வருஷத் தொகை அடுத்த வரைவில் காணாமல் போகலாம், குறையலாம். அதனால் மார்ச் கடைசி வாரம் மறுபடி நூலகத்துக்குப் போகிறோம். ஸ்கேலை ஆயா பேரனிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. கதவிடுக்குத் துண்டுகள் இருக்கும் அதே அலமாரியில் வைத்திருக்கிறார்.