மூக்கு மாஸ்க்கா, முழுமுக மாஸ்க்கா?

உறக்க மூச்சுத்தடைக்குச் சிபாப் இயந்திரத்தை ஆண்டுக்கணக்கில் மாட்டினால் நுரையீரல் பலவீனமாகிவிடுமோ என்று பாம்பன், கீழக்கரைப் பக்கத்தில் பலர் அஞ்சுகிறார்கள். அப்படி ஆவதில்லை, தொண்டை அடைபடாமல் காற்றழுத்தத்தால் திறந்து வைப்பதே அதன் வேலை. பலர் அதைக் கைவிடக் காரணம் பொருந்தாத மாஸ்க்தான். மூக்கை மட்டும் மூடுவது மூக்கு மாஸ்க், மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது முழுமுக மாஸ்க்.

காற்றுக்கசிவு: மூக்கு மாஸ்க்கில் பொதுவாகக் குறைவு. முழுமுக மாஸ்க்கில் அதிகம். தாடி இருந்தால் விளிம்பு ஒட்டாமல் காற்று கசியும்.

வாய் உலர்தல்: மூக்கு மாஸ்க்குடன் வாய் திறந்து உறங்கினால், காற்று வாய்வழியே வெளியேறி, விடியும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். முழுமுக மாஸ்க்கில் இத்தொல்லை குறைவு.

மின்தடை: புயல் நாள்களில் கவலை தருவது இதுவே. மூக்கு மாஸ்க்கில் வாயால் மூச்சுவிடலாம். முழுமுக மாஸ்க்கில் வெளிக்காற்றை உள்ளே விடும் பாதுகாப்பு வால்வு இருக்கிறதா, அடைப்பின்றி அசைகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பராமரிப்பு: இரண்டையும் நாள்தோறும் மென்மையான சோப்பு நீரில் கழுவ வேண்டும். இயந்திரத்தில் காற்றை ஈரமாக்கும் ஈரப்பதத் தொட்டியில் நம் ஊர் உவர்ப்புப் போர்த்தண்ணீரை ஊற்றினால் வெள்ளையாக உப்புப் படியும். காய்ச்சி வடித்த நீரே (டிஸ்டில்டு வாட்டர்) வேண்டும்.

மூக்கால் மூச்சுவிடுவோருக்கும் ஒருக்களித்துப் படுப்போருக்கும் மூக்கு மாஸ்க்கையே சொல்வேன். தீராத மூக்கடைப்பு உள்ளவருக்கு முழுமுக மாஸ்க் பொருந்தும். ஆனால் குமட்டல் வந்தால் தாமே கழற்ற இயலாத முதியவருக்கு, மருத்துவரைக் கேட்காமல் அதை மாட்டிவிடாதீர்கள்.