ஃபிளின்ட்டா, கேசினோ ராயலா?

அறுபதுகளின் உளவுப்பட நையாண்டிகளில் ஒன்றுதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், யோசிக்காமல் ஜேம்ஸ் கோபர்ன் நடித்த ‘அவர் மேன் ஃபிளின்ட்’ படத்தைப் போடுங்கள். அதில் ஒரு சிகரெட் லைட்டர் வரும். 82 வேலை செய்யும், சுருட்டுப் பற்றவைப்பதையும் சேர்த்தால் 83 என்று ஃபிளின்ட் அலட்டிக்கொள்ளாமல் சொல்வார் பாருங்கள், படம் முழுக்க அதே நிதானம்தான், அதனால்தான் சிரிப்பு வருகிறது.

1967இல் வந்த இன்னொரு நையாண்டியான ‘கேசினோ ராயல்’ படத்தில் டேவிட் நிவென், பீட்டர் செல்லர்ஸ், ஆர்சன் வெல்ஸ், உடி ஆலன் என்று பெரிய பட்டாளமே இருக்கிறது. ஆனால் ஐந்து இயக்குநர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, செல்லர்ஸும் பாதியில் கிளம்பிவிட, கதை எங்கெங்கோ போய்விடுகிறது. பர்ட் பக்கராக்கின் இசை மட்டும் அபாரம், டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டு பாடிய பாட்டு ஆஸ்கார் பரிந்துரை வரை போனது. சரி, ஃபிளின்ட்டுக்கு ஜெர்ரி கோல்ட்ஸ்மித் போட்ட இசையும் சளைத்ததில்லை.