அப்பாவின் ரதி வேஷம், மூஞ்சி இல்லாமல்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மன்மதன், ரதி கதையை ஆடும் காமன் கூத்தில் அப்பா 19 வருஷம் ரதி வேஷம் கட்டினார். முழங்கால் வலியால் போன மாசியோடு நிறுத்திவிட்டார். அந்தக் கடைசி ராத்திரி போனில் எடுத்த படங்களில் ஒன்றை நிழலுருவமாக வெட்டித் தரச்சொல்லி ஹட்டன் டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். சொதப்பியதையும் சொல்லப்போகிறேன், அதனால் கடையின் பெயர் வேண்டாம்.

3 மில்லிமீட்டர் கறுப்பு அக்ரிலிக், 18 அங்குல உயரம், பின்னால் வெள்ளைப் பலகை, 6,500 ரூபாய். 1759இல் பிரான்சின் நிதியமைச்சராக இருந்து சிக்கனம் சிக்கனம் என்று எல்லோரையும் கசக்கிய ஒருவரின் பெயர்தானாம், நிழலுருவத்துக்கு இங்கிலீஷில் சொல்லும் சிலுவெட். மலிவான படம் என்று கேலியாக வைத்தது. மலிவு! மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் செய்தால் 2,000 குறையும் என்றார்கள். ஜூன், ஜூலை மழைக்கு எங்கள் லயத்து வரிசை வீட்டுச் சுவர் வியர்க்கும், கலண்டரே சுருண்டுவிடும். அந்தப் பலகை ஈரம் குடித்து ஊதிப்போகும், வேண்டாம் என்றேன்.

நான் ஆசையாகக் கொடுத்தது, அப்பா இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே வைத்துக் கண்ணை உருட்டி நிற்கும் படம். மறுநாள் வாட்ஸ்அப்பில் மாதிரி வந்தது. கிரீடம் வைத்த கொழுந்துச் சாக்கு! உடம்புக்கு முன்னால் இருக்கும் கை கறுப்போடு கறுப்பாகக் கரைந்துவிடும் என்று கடைத் தம்பி முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? கடை முழுக்கப் பரதநாட்டிய நிழலுருவமாக மாட்டி வைத்திருப்பவன்தானே.

நேரில் போய் உட்கார்ந்தேன். பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலைத் தூக்கி, வலது கையில் லேஞ்சியை, அதுதான் கைக்குட்டையை, வீசும் படத்தை எடுத்தோம். இடுப்புக்கும் கைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. இந்தத் தடவை கம்ப்யூட்டரே வெட்டட்டும் என்று விடாமல், ஓரம் முழுக்கப் புள்ளி வைத்து வைத்து அவனே வரைந்தான். சடை இருட்டோடு ஒட்டிக் கிடந்தது. எங்கே முடிகிறது என்று நான்தான் விரலால் காட்டினேன். லேஞ்சி மட்டும் கத்தி மாதிரி வந்தது.

"தம்பி, ரதி யாரையும் குத்தப் போகல்ல" என்றேன். சிரித்துக்கொண்டே நுனியில் இரண்டு மடிப்பு வைத்தான், கத்தி லேஞ்சியாகிவிட்டது. விரல்களைக் கொஞ்சம் தடிப்பாக்கினான், மெல்லிசாக விட்டால் மாட்டும்போதே ஒடிந்துவிடுமாம். சலங்கைதான் பாவம், கணுக்காலில் ஒரு வீக்கம் மாதிரி நிற்கிறது.

ஐந்து நாள் என்றது பன்னிரண்டு நாளானது. வெட்டு சுத்தம். கொக்கி மட்டம், வேறு வாங்கிப் போட்டேன். போகிறவர்கள் படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள், சும்மா அனுப்பினால் ஓரமெல்லாம் மங்கிவிடும். வெட்டுவதற்கு முன் நிஜ அளவில் தாளில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். கத்தியை நான் கண்டுபிடித்தது அப்படித்தான்.

"மூஞ்சியே இல்ல, நான்னு யாருக்குப் புள்ள தெரியும்?" என்று அப்பா முனகிக்கொண்டே இருந்தார். சாயந்திரம் மன்மதன் கட்டும் மாமா தேத்தண்ணி குடிக்க வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சுவரைப் பார்த்துவிட்டார்.

"என்னா மச்சான், இதுலயும் அந்த இடது காலு கோணிக்கிட்டுத்தான் நிக்குது."