நார்த்ஃபீல்டா, டெக்கோராவா?

நார்வேயிலிருந்து அமெரிக்கா போன குடும்பம் ஒன்றின் பரணில் ஒரு மரப்பெட்டி என்று வைத்துக்கொள்வோம். மூடியில் பூவேலை ஓவியம், உள்ளே கட்டுக்கட்டாகக் கடிதங்கள். யாரிடம் ஒப்படைப்பது?

மினசோட்டா மாநிலம் நார்த்ஃபீல்டில், செயின்ட் ஓலாஃப் கல்லூரியில் நார்வேஜிய-அமெரிக்க வரலாற்றுச் சங்கம் இருக்கிறது. 1925இல் தொடங்கியது, நாவலாசிரியர் ரோல்வாக்தான் முதல் செயலாளர். இவர்களுக்குக் காகிதம்தான் உயிர். கடிதம், நாட்குறிப்பு, தேவாலயப் பதிவு எல்லாவற்றையும் ஆய்வாளர் தேடி எடுக்கும்படி அடுக்கி வைக்கிறார்கள். அந்தக் கடிதங்களில் இருக்கும் கோதிக் என்ற பழைய ஐரோப்பிய எழுத்து வடிவத்தை இன்றைய நார்வேக்காரரே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் குப்பை என்று தூக்கிப்போடுவதும் அதனால்தான்.

அயோவா மாநிலம் டெக்கோராவில் இருப்பது வெஸ்டர்ஹைம் என்ற நார்வேஜிய-அமெரிக்க அருங்காட்சியகம். 1877இல் லூதர் கல்லூரியில் முளைத்தது. பெயருக்கு 'மேற்கு வீடு' என்று பொருள். பெட்டி, நெசவு, மரச்சாமான், ஏன், குடியேறிகளின் மரவீடுகள்கூட உண்டு.

என்னைக் கேட்டால் கடிதம் நார்த்ஃபீல்டுக்கு, பெட்டி டெக்கோராவுக்கு. ஆனால் பிரிப்பதற்கு முன் கடிதங்கள் உள்ளே கிடந்தபடியே ஒரு படம் எடுத்து, இரண்டு இடத்துக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். அப்புறம், துருப்பிடித்த குண்டூசிகளை நீங்களே பிடுங்க வேண்டாம், காகிதம் கிழிந்துவிடும்.